கேமிங் கம்ப்யூட்டருக்கு எத்தனை ராண்ட் ஒதுக்கலாம்? திரையிலிருந்து பின்னோக்கி ஒரு கணக்கு

"இருபதாயிரம் ராண்ட் கையில் இருக்கிறது, என்ன கேமிங் பிசி வாங்கலாம்?" தென்னாப்பிரிக்காவில் பெரும்பாலோர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். கடைக்காரருக்கு இதைவிட இனிப்பான கேள்வி கிடையாது. இருபதாயிரத்துக்கு அவரிடம் ஒரு பெட்டி இருக்கும். முப்பதாயிரம் என்றால் அதற்கும் ஒன்று இருக்கும். உங்கள் பையன் ஆடுகிற ஆட்டத்துக்குப் பன்னிரண்டாயிரமே போதுமா என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

தொகையைக் கடைசியில் எழுதுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. முதலில் என்ன ஆட்டம், அப்புறம் எந்தத் திரை, திரைக்கு ஏற்ற கிராபிக்ஸ் கார்டு (படத்தை வரையும் பாகம்), கார்டுக்கு ஏற்ற மற்ற பாகங்கள், அதற்கும் மேல் நம் ஊர் மின்சாரத்துக்கான செலவு. இவற்றைக் கூட்டினால் வருவதுதான் உங்கள் பட்ஜெட். கூட்டுத்தொகை கைமீறிப் போனால் பாகங்களை ஒவ்வொன்றாகச் சுரண்டாமல், திரும்பத் திரைக்கு வந்து அதில் ஒரு படி இறங்குங்கள். மற்றதெல்லாம் தானாக இறங்கும்.

படி 1: என்ன ஆட்டம், சர்வர் எங்கே?

டர்பனோ ஜோகன்னஸ்பர்க்கோ, பிள்ளைகள் உண்மையில் ஆடுவது என்ன என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஆசைப்படுவதை எழுதாதீர்கள். டோட்டா 2, லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ், வேலொரண்ட், மைன்கிராஃப்ட், ரோப்லாக்ஸ் எல்லாம் சாதாரணக் கார்டிலேயே நன்றாக ஓடும். கவுண்டர் ஸ்ட்ரைக் 2 கொஞ்சம் கனம். அதற்குப் பிராசஸர் நன்றாக இருக்க வேண்டும். சைபர்பங்க் 2077 போன்ற பெரிய கதை ஆட்டங்கள்தான் கார்டை உண்மையிலேயே பிழிந்தெடுக்கும்.

இன்னொரு விஷயம் பழைய கார்டு வாங்குபவர்களுக்கு. 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் ஆட்டமும், 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் ரே டிரேசிங் (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டு வரைவது) வசதி இல்லாத கார்டில் ஆடவே முடியாத மாதிரி செய்யப்பட்டவை. ஒரு காலத்தில் ராஜாவாக இருந்த ஜிடிஎக்ஸ் 1080 டிஐ கார்டில் அந்த வசதி கிடையாது. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதன் பக்கம் போகாதீர்கள்.

வீட்டில் கால்பந்து ஆட்டம் ஒன்றுதான் ஓடப்போகிறது என்றால் பிசியே வேண்டாம், கன்சோல் வாங்குங்கள். ஆனால் கன்சோலில் பெரும்பாலான ஆட்டங்களை ஆன்லைனில் ஆட மாதாமாதம் சந்தா உண்டு. அதை மூன்று வருடத்துக்குப் பெருக்கிக் கன்சோல் விலையோடு சேர்த்துப் பாருங்கள். பிசியில் அந்தச் செலவு இல்லை. ஸ்டீம் கடை ராண்டிலேயே விலை போடுகிறது, எபிக் கடை அடிக்கடி ஆட்டங்களை இலவசமாகவே தருகிறது. ஜிடிஏ 6-க்காக இப்போதே பிசி வாங்க நினைப்பவர்கள் பொறுங்கள். அது பிஎஸ்5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும்தான் அறிவிக்கப்பட்டது, பிசிக்குத் தேதி சொல்லவில்லை.

அடுத்தது சர்வர், அதாவது ஆன்லைன் ஆட்டத்தை நடத்தும் கம்ப்யூட்டர். நம் நாட்டில் பலர் பணத்தை வீணடிப்பது இந்த இடத்தில்தான். கவுண்டர் ஸ்ட்ரைக் 2-க்கும் டோட்டா 2-க்கும் வால்வ் நிறுவனம் ஜோகன்னஸ்பர்க்கில் சர்வர் வைத்திருக்கிறது. நல்ல ஃபைபர் இணைப்பு இருந்தால் டர்பனிலிருந்து அங்கே போய்வர இருபது மில்லி செகண்ட் அளவுதான் ஆகும். ஐரோப்பிய சர்வரில் ஆடவேண்டிய ஆட்டம் என்றால் 150 மில்லி செகண்டுக்கு மேல் போய்விடும். கடலுக்கடியில் அத்தனை ஆயிரம் கிலோமீட்டர் கேபிள் ஓடுகிறது, எந்தக் கம்ப்யூட்டராலும் அதைச் சுருக்க முடியாது. 144 ஹெர்ட்ஸ் திரை (நொடிக்கு 144 படம் காட்டுவது) ஒரு படத்துக்கு 6.9 மில்லி செகண்ட் எடுக்கிறது, 240 ஹெர்ட்ஸ் திரை 4.2. வித்தியாசம் 2.7. இணைப்பில் 150 போகும்போது அந்த 2.7-க்காக ஆயிரக்கணக்கில் கொட்டுவதில் அர்த்தமில்லை. ஜோகன்னஸ்பர்க் சர்வரில் போட்டி போட்டு ஆடுபவர்களுக்கு மட்டும் 240 ஹெர்ட்ஸ் பற்றி யோசிக்கலாம்.

படி 2: திரை

1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி திரையில் 36.9 லட்சம். 4கே திரையில் 82.9 லட்சம். ஒவ்வொரு படத்துக்கும் இத்தனை புள்ளிகளையும் கார்டுதான் வரைய வேண்டும். 1080பி-யிலிருந்து 4கே-க்குத் தாவினால் வேலை நான்கு மடங்கு, அதனால்தான் திரையைத் தொட்டால் மொத்த பட்ஜெட்டும் ஆடுகிறது.

24 இஞ்ச் திரைக்கு 1080பி போதும், 144 ஹெர்ட்ஸுக்குக் குறையாமல் இருக்கட்டும். 27 இஞ்ச் என்றால் 1440பி. ஹாலில் இருக்கும் பெரிய 4கே டிவியில் மாட்டிக்கொள்ளலாம் என்று அப்பாக்கள் சொல்வதுண்டு. மாட்டலாம். ஆனால் பல டிவிகள் 60 ஹெர்ட்ஸ்தான், கேம் மோடு போடாவிட்டால் பட்டன் அழுத்தியபின் தாமதமும் தெரியும். இதெல்லாம் போக, ஏழு மணி சீரியல் நேரத்தில் அந்த டிவி யாருக்குக் கிடைக்கும் என்பதையும் யோசியுங்கள்.

படி 3: கிராபிக்ஸ் கார்டும் டாலர் கணக்கும்

பெட்டிக்கு மட்டும் ஆகும் தொகையில் (திரை சேர்க்காமல்) 35 முதல் 40 சதவீதம் கார்டுக்குப் போனால் சரியான சமநிலை. கடையில் அடுக்கி வைத்திருக்கும் ரெடிமேட் பெட்டிகளில் இந்தப் பங்கு குறைவாக இருக்கும். வெளியே விளக்கு, கண்ணாடி, பெரிய பிராசஸர் பெயர், உள்ளே சின்னக் கார்டு.

நம் ஊர் விலை நியாயமா என்று பார்க்க எளிய வழி உண்டு. அமெரிக்காவில் அறிவித்த விலையில் வரி சேர்ந்திருக்காது. அதை அன்றைய டாலர் மதிப்பால் பெருக்கி, நம் 15 சதவீத வாட் வரியைச் சேருங்கள். உதாரணமாக, 2025 ஜூனில் வந்த ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி கார்டின் 16 ஜிபி வகைக்கு 349 டாலர் அறிவித்தார்கள். டாலருக்கு 18 ராண்ட் என்று வைத்தால் 6,282. வாட் வரி சேர்த்தால் 7,224 ராண்ட். கப்பல் செலவு, இறக்குமதி செய்பவர் லாபம், கடை லாபம் எல்லாம் போட்டு இதற்கு மேல் பத்துப் பதினைந்து சதவீதம் வரை இருந்தால் முணுமுணுக்காமல் வாங்கலாம். நாற்பது சதவீதம் மேலே இருந்தால் வேறு கடை பாருங்கள், இல்லையென்றால் சில வாரம் பொறுங்கள். இதே மாதிரி ஆர்டிஎக்ஸ் 5060 கார்டுக்கு 299 டாலர், ஆர்டிஎக்ஸ் 5070-க்கு 549, ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி-க்கு 599 என்று அறிவிப்பு விலைகள். உங்கள் நாளின் டாலர் மதிப்பைப் போட்டு நீங்களே கணக்கிடுங்கள்.

கார்டின் மெமரி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 8 ஜிபி கார்டு இன்றைக்கு 1080பி-யில் ஓடும், ஆனால் புதிய பெரிய ஆட்டங்களில் படத்தரத்தை இறக்கவேண்டி வரும். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ கார்டில் 8 ஜிபி வகைக்கும் 16 ஜிபி வகைக்கும் அறிவிப்பு விலையில் 50 டாலர்தான் வித்தியாசம். ஐந்து வருடம் வைத்திருக்கப் போகிற வீட்டுக்கு அந்த 50 டாலர் நல்ல செலவு. கடைகள் இரண்டையும் ஒரே பெயரில் விளம்பரப்படுத்தும், எத்தனை ஜிபி என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

படி 4: மற்ற பாகங்கள்

இங்கே அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஆறு கோர் பிராசஸர் ஒன்று போதும், ரைசன் 5 7600 மாதிரி. அது உட்காரும் ஏஎம்5 சாக்கெட் (பிராசஸரை மாட்டும் இடம்) 2022-இல் வந்தது. 2027 வரையும் அதற்குப் பிறகும் ஆதரவு உண்டு என்று ரைசன் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனம் சொல்லியிருப்பதால், பின்னால் பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பணம் இறுக்கமாக இருந்தால் பழைய ஏஎம்4 சாக்கெட் உள்ள போர்டும் (பாகங்களை இணைக்கும் பலகை) ரைசன் 5 5600-உம் இன்னும் மரியாதையாக ஓடும்.

ரேம் 16 ஜிபி குறைந்தபட்சம், அது இரண்டு குச்சியாக இருக்க வேண்டும். ரெடிமேட் பெட்டிகளில் ஒற்றைக் குச்சியைப் போட்டு அனுப்புவது வழக்கமான தந்திரம், ஆட்டத்தின் வேகம் அதனால் கண்ணுக்குத் தெரிந்தே குறையும். 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டதால் ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. அதனால் பழைய வீடியோக்களில் சொல்லும் மொத்தத் தொகையை நம்பாமல், ரேமுக்கு மட்டும் இன்றைய விலையைப் பார்த்து எழுதுங்கள். ஆட்டங்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி 1 டிபி வாங்குங்கள், ஒரே ஆட்டம் 100 ஜிபி பிடிக்கும் காலம் இது.

பவர் சப்ளையில் "80 பிளஸ்" என்று எழுதியிருப்பது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதைத்தான் சொல்கிறது. உள்ளே இருக்கும் பாகங்களின் தரத்துக்கு அது சான்றிதழ் கிடையாது. ஐந்து வருடத்துக்குக் குறையாத வாரண்டி தரும் மாடலாகப் பாருங்கள்.

கேபினெட் வாங்கும்போது ஊரைக் கவனியுங்கள். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,750 மீட்டரில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி டர்பனைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு, அதே ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் குறைவான வெப்பத்தைத்தான் வெளியே தள்ளும். ஜோகன்னஸ்பர்க்கின் லெனேசியாவில் இருப்பவர்கள் முன்பக்கம் வலை வைத்த கேபினெட்டும் கூடுதலாக ஒரு ஃபேனும் போட்டுக்கொள்வது நல்லது. டர்பனில் பிரச்சினை வேறு. ஈரப்பதமும், கடலுக்குப் பக்கத்து வீடுகளில் உப்புக் காற்றும் உலோக முனைகளை அரிக்கும். ஜன்னலோரத்தில் வைக்காதீர்கள், மாதக்கணக்கில் ஓட்டாமல் மூடிப் போடாதீர்கள். ஓடும் கம்ப்யூட்டரின் சூடே உள்ளே ஈரம் படியாமல் பார்த்துக்கொள்ளும்.

படி 5: மின்சாரம்

வெளிநாட்டு வழிகாட்டிகளில் இந்தப் படியே இருக்காது. நம் நாட்டில் இதற்கென்று மொத்தத்தில் பத்து சதவீதமாவது எடுத்து வையுங்கள்.

லோட் ஷெடிங் (மின்சாரம் போதாமல் அட்டவணை போட்டு நிறுத்துவது) நமக்கு 2007-இலிருந்து பழக்கம். 2023 மோசமான வருடம். 2024 மார்ச் கடைசியிலிருந்து பெரிதாக ஓய்ந்து, 2025 தொடக்கத்தில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. "இனி வராது" என்று யூபிஎஸ் (மின்சாரம் போனதும் கொஞ்ச நேரம் தாங்கும் பேட்டரிப் பெட்டி) செலவை வெட்ட நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அட்டவணை போட்டு நிறுத்துவதால் கம்ப்யூட்டர் சாவதில்லை. திரும்ப வரும்போது எகிறும் மின்னழுத்தமும், கேபிள் திருட்டாலும் பழைய டிரான்ஸ்பார்மராலும் சொல்லாமல் வரும் வெட்டும்தான் பாகங்களைத் தின்கின்றன. அவை லோட் ஷெடிங் இல்லாத மாதங்களிலும் உண்டு.

ஆகவே முதல் செலவு, நல்ல சர்ஜ் பாதுகாப்பு பிளக். உள்ளே இருக்கும் பாகம் ஒவ்வொரு அடிக்கும் தேயும், அதனால் அதில் பாதுகாப்பு விளக்கு அணைந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள். ஜோகன்னஸ்பர்க் இருக்கும் ஹைவெல்ட் மேட்டுநிலப் பகுதியில் கோடை மதியங்களில் வரும் இடி மின்னலுக்கு எந்த பிளக்கும் முழு உத்தரவாதம் இல்லை. மேகம் கறுத்தால் சுவரிலிருந்தே பிடுங்கிவிடுங்கள். ஃபைபர் கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது, ஆனால் ஃபைபர் பெட்டியின் அடாப்டர் வழியாகவும் ரவுட்டரிலிருந்து வரும் நெட்வொர்க் வயர் வழியாகவும் பாயும். அவற்றையும் கழற்றுங்கள்.

இரண்டாவது செலவு, யூபிஎஸ். இதில் விஏ, வாட் என்ற இரண்டு எண்கள் இருக்கும். பெட்டியில் பெரிதாக எழுதியிருப்பது விஏ, உங்களுக்கு வேண்டியது வாட். 1000 விஏ என்று விற்கும் பல யூபிஎஸ்கள் 600 வாட்தான் தாங்கும். ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி போன்ற 160 வாட் கார்டு போட்ட கம்ப்யூட்டர் ஆட்டத்தின்போது திரையோடு சேர்த்து 300 வாட் அளவு இழுக்கும், அதற்கு இது போதும். ஆர்டிஎக்ஸ் 5070 தனியாகவே 250 வாட், ஆகவே ஒரு படி பெரியது வேண்டும். ஆர்டிஎக்ஸ் 5090-க்கு 575 வாட். அதை வாங்க வசதி இருப்பவர் கூரைமேல் சோலாரும் வைத்திருப்பார்.

இப்படிப்பட்ட யூபிஎஸ் சில நிமிடம்தான் தாங்கும். ஆட்டத்தைச் சேமித்து ஒழுங்காக அணைப்பதற்குத்தான் அது. இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஆட வேண்டும் என்றால் லித்தியம் பேட்டரி வைத்த இன்வெர்ட்டர் தேவை. அதை கேமிங் பட்ஜெட்டில் போடாதீர்கள். குளிர்பெட்டிக்கும் விளக்குக்கும் சேர்த்து வீட்டுச் செலவாக முடிவு செய்யுங்கள். எதை வாங்கினாலும் "பியூர் சைன் வேவ்" என்று இருக்கிறதா பாருங்கள். மலிவான யூபிஎஸ் தரும் கரடுமுரடான அலையில், சில புதிய பவர் சப்ளைகள் மாறும் நொடியிலேயே அணைந்துவிடும். அப்புறம் யூபிஎஸ் இருந்தும் பயனில்லை.

ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சின்ன டிசி யூபிஎஸ் தனியாகக் கிடைக்கிறது. இரண்டும் சேர்ந்து இருபது வாட் தாண்டுவது அரிது என்பதால் பல மணி நேரம் ஓடும், விலையும் குறைவு. வீட்டில் எல்லோருக்கும் பயன்படும் ஒரே கேமிங் செலவு இதுதான் என்று அம்மாவிடம் சொல்லலாம்.

மின்கட்டணம்: 300 வாட், நாளுக்கு 4 மணி நேரம், 30 நாள் என்றால் 36 யூனிட். யூனிட்டுக்கு 3 ராண்ட் என்று வைத்தால் மாதம் 108 ராண்ட். பிரீபெய்ட் மீட்டர் வைத்திருப்பவர்கள் தங்கள் ரசீதில் உள்ள விலையைப் போட்டுப் பாருங்கள்.

படி 6: கூட்டிப் பார்ப்பது

இவை என் மதிப்பீடு. டாலரும் ரேமும் ஆடும்போது இவையும் ஆடும்.

8,000 முதல் 10,000 ராண்ட்: அலுவலகங்கள் குத்தகை முடிந்து விற்கும் கம்ப்யூட்டர் ஒன்றில் ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகையைச் செருகுவது. எனக்கு மிகவும் பிடித்த வழி இது. அந்தக் கார்டு 70 வாட்தான் எடுக்கும், போர்டிலிருந்தே மின்சாரம் வாங்கிக்கொள்ளும், தனி வயர் வேண்டாம். அலுவலகப் பெட்டிகளின் பவர் சப்ளை சின்னது, பல மாடல்களில் மாற்றவும் முடியாது, அதனால் இதைவிடப் பெரிய கார்டு அவற்றில் சரிப்படாது. இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். பிராசஸர் இன்டெல் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிறகோ இருக்கட்டும். அதற்கு முந்தியவற்றை விண்டோஸ் 11 ஏற்காது, விண்டோஸ் 10-இன் ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. பெட்டி ஒல்லியானது என்றால் உயரம் குறைந்த கார்டு வகையையே வாங்க வேண்டும். பள்ளிக்கூடப் பையனின் வேலொரண்ட், ஃபோர்ட்நைட், ஜிடிஏ 5 எல்லாம் இதில் முடிந்துவிடும்.

20,000 முதல் 24,000 ராண்ட்: ரைசன் 5, 16 ஜிபி மெமரி உள்ள ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி. திரை, விசைப்பலகை, யூபிஎஸ் எல்லாம் சேர்த்தால் முப்பதாயிரத்தைத் தொடும். 1080பி-யில் எதையும் ஆடலாம், 1440பி-யில் பெரும்பாலானவற்றை ஆடலாம். வேலைக்குப் போகிற ஒருவர் தன் காசில் வாங்குவதானால் இங்கே நிற்கச் சொல்வேன்.

32,000 முதல் 38,000 ராண்ட்: ஆர்டிஎக்ஸ் 5070 அல்லது ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி. 1440பி-யில் எல்லா அலங்காரமும் போட்டு ஆடலாம். இதற்கு மேல் செலவழிக்கும் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் கிடைப்பது குறைந்துகொண்டே போகும்.

மாணவர் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு லேப்டாப்தான் வழி. ஒரே பெயருள்ள கார்டு வெவ்வேறு லேப்டாப்பில் வெவ்வேறு வாட்டில் ஓடும். ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் கார்டு 35 வாட்டிலும் வரும், 115 வாட்டிலும் வரும். கடைக்காரரிடம் பெயரைக் கேட்டால் போதாது, வாட்டையும் கேளுங்கள்.

படி 7: வாங்குவதும், வாங்கிய முதல் வாரமும்

தவணையில் வாங்கினால் மாதத் தொகையைப் பார்க்காதீர்கள். வட்டி, சேவைக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்துக் கட்டி முடிக்கும்போது மொத்தம் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். 24 மாதத் தவணையின் மொத்தத்தில் பல சமயம் ஒரு படி மேலான கார்டே அடங்கியிருக்கும். நவம்பரில் பிளாக் ஃப்ரைடே தள்ளுபடிக்குக் காத்திருப்பவர்கள் செப்டம்பரிலேயே விலையைக் குறித்து வையுங்கள், அப்போதுதான் "பழைய விலை" உண்மையா என்று தெரியும். பவர் சப்ளையை மட்டும் செகண்ட் ஹேண்டில் வாங்காதீர்கள். கார்டு, பிராசஸர், கேபினெட் வாங்கலாம். கார்டு என்றால் அரை மணி நேரம் கனமான ஆட்டத்தை ஓட்டிப் பார்த்தபின் காசு கொடுங்கள்.

ஆன்லைனில் வாங்கிய பொருளை, கைக்கு வந்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பித் தர 2002-ஆம் ஆண்டின் மின்னணு வர்த்தகச் சட்டம் இடம் தருகிறது, திருப்பி அனுப்பும் செலவு மட்டும் நம்முடையது. பொருளில் குறை இருந்தால் 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் பழுது பார்ப்பதா, மாற்றுவதா, பணத்தைத் திரும்ப வாங்குவதா என்பது வாங்கியவர் விருப்பம். "எங்கள் கடையில் ரிப்பேர் மட்டும்தான்" என்று கல்லாவில் சொன்னால் இந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவைக் காட்டுங்கள்.

அந்த ஏழு நாளில் செய்ய வேண்டியவை சில. திரை வயர் கிராபிக்ஸ் கார்டில் செருகியிருக்கிறதா பாருங்கள், போர்டில் செருகிவிட்டு "கார்டு வேகமே இல்லை" என்று திருப்பித் தந்தவர்கள் உண்டு. விண்டோஸ் திரை அமைப்பில் 144 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள், அது தானாகப் பல சமயம் 60-இலேயே நிற்கும். டாஸ்க் மேனேஜரில் ரேம் எத்தனை குச்சி, என்ன வேகம் என்று தெரியும். நீங்கள் காசு கொடுத்த வேகத்தைவிடக் குறைவாகக் காட்டினால் பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்குங்கள். அப்புறம் உங்களிடம் இருப்பதிலேயே கனமான ஆட்டத்தை இரண்டு மணி நேரம் விடாமல் ஓட்டுங்கள். நடுவில் யூபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிப் பாருங்கள், கம்ப்யூட்டர் அணைந்தால் யூபிஎஸ்ஸைத் திருப்பித் தர இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை அட்டைப்பெட்டிகளைத் தூக்கிப் போடாதீர்கள்.